திகில் காமிக்ஸில் வில்லன் பேயா, மனிதனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிஜ வில்லன், அமானுஷ்ய வில்லன் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. கதையில் நடப்பதைப் போலீஸ் ஸ்டேஷனில் புகாராக எழுதிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பேன். கொலை, கடத்தல், சித்திரவதை, மிரட்டல் என்று எழுத முடிந்தால் வில்லன் நம் உலகத்து ஆள். "புதைத்தவன் எழுந்து வந்தான்" என்றோ "ஊரே சுருண்டுகொண்டது" என்றோ எழுத வேண்டி வந்தால் அது அமானுஷ்யம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கதைகளும் ஏராளம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல திகில் காமிக்ஸில் அமானுஷ்யம் பெரும்பாலும் உண்மையான வில்லனாக இருப்பதில்லை. மனிதன் செய்ததை வெளியே இழுத்துக் காட்டத்தான் அது வருகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கருத்தோடு எழுதியவை.

கதைகளின் முடிவையும் சொல்லிவிடுவீர்களா?

சில இடங்களில் சொல்லத்தான் வேண்டும். வில்லன் யார் என்று சொல்லாமல் வில்லனைப் பற்றிப் பேச முடியாது. 'லாக் அண்ட் கீ', 'பாராசைட்', 'மாஸ்டர் ரேஸ்' மூன்றையும் எதுவும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

திகில் காமிக்ஸ் என்றாலே பேய்க் கதைதானே? மனித வில்லன் பிற்பாடு வந்தவன்தானே?

இல்லை, தொடக்கத்திலிருந்தே இருக்கிறான். அமெரிக்கத் திகில் காமிக்ஸுக்கு உருவம் கொடுத்தது நியூயார்க்கின் இ.சி. காமிக்ஸ். அப்பா இறந்தபின் நிறுவனத்துக்குப் பொறுப்பேற்ற வில்லியம் கெய்ன்ஸும், ஆசிரியரும் எழுத்தாளருமான ஆல் ஃபெல்ட்ஸ்டீனும் சேர்ந்து 1950-இல் 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்ற மூன்று இதழ்களைக் கொண்டுவந்தார்கள். அட்டையைப் பார்த்தால் அழுகிய பிணங்கள், கல்லறைகள், சூனியக்கிழவி. உள்ளே போய்க் கதையைப் படித்தால் தப்பு செய்பவன் அநேகமாக மனிதனாகவே இருப்பான்: மனைவியைக் கொன்ற கணவன், பங்காளியை ஏமாற்றிய வியாபாரி, ஏழைக் கிழவனை விரட்டிய பணக்காரன். பிணம் கடைசிப் பக்கத்தில் கணக்குத் தீர்க்க வரும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் கதை 1952-இல் 'ஹாண்ட் ஆஃப் ஃபியர்' 12-வது இதழில் வந்த 'பொயட்டிக் ஜஸ்டிஸ்'. படம் வரைந்தவர் கிரஹாம் இங்கல்ஸ். குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும் ஒரு ஏழைக் கிழவர். பக்கத்து வீட்டுப் பணக்காரக் குடும்பத்துக்கு அவர் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கிறார்கள். கடைசியில் காதலர் தினத்தன்று, ஊர்க்காரர்களே அனுப்பியதுபோல, அவரை வெறுத்துத் தள்ளும் கவிதைகளை வாழ்த்து அட்டைகளில் எழுதி அவருக்கு அனுப்புகிறார்கள். ஊரே தன்னை வெறுக்கிறது என்று நம்பிக் கிழவர் தூக்கு மாட்டிக்கொள்கிறார். அடுத்த வருடம் அதே நாளில் குழியிலிருந்து எழுந்து வருகிறார்.

இதில் பேய் ஒன்றுதான், அதுவும் கடைசியில்தான். அதற்கு முன் வருவதெல்லாம் நிஜமாகவே நடக்கக்கூடியவை. எந்தக் காவல் நிலையத்திலும் வழக்காக நிற்காத கொடுமை அது. வெறும் வாழ்த்து அட்டைகளால் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். சட்டம் அவர்களைத் தொடாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபெல்ட்ஸ்டீனுக்குப் பிணம் தேவைப்பட்டது. இங்கல்ஸ் அந்தப் பிணத்தைச் சொட்டச் சொட்ட அருவருப்பாக வரைந்திருக்கிறார். ஆனாலும் படிப்பவர் மனம் பிணத்தின் பக்கம்தான் நிற்கும்.

அப்படியென்றால் 1954-இல் எதற்காகப் பேய்களைத் தடை செய்தார்கள்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நாம் இன்று படிக்கும் திகில் காமிக்ஸின் வடிவமே அந்தத் தடையால் வளைந்ததுதான்.

மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954-இல் எழுதிய புத்தகம், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றத்துக்குத் தள்ளுகிறது என்று வாதிட்டது. அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் சிறார் குற்றத் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஏப்ரல் 21 அன்று வெர்தாம், கெய்ன்ஸ் இருவருமே சாட்சி சொன்னார்கள். செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் இ.சி.யின் 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22-வது இதழின் அட்டையைக் காட்டினார். ஜானி கிரெய்க் வரைந்த அட்டை: ஒரு கையில் கோடாலி, மறு கையில் பெண்ணின் வெட்டிய தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசமான ரசனை என்றும் விளக்கினார். அந்தப் பதில் அவரைப் படுகுழியில் தள்ளியது.

அந்த அட்டையில் பேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். சூட் போட்ட ஒரு மனிதன் நிற்கிறான், அவ்வளவுதான். அந்த விசாரணையில் அடிபட்ட இன்னொரு கதை 'தி விப்பிங்'. மெக்சிகோ வம்சாவளிப் பையன் ஒருவனைத் தன் மகள் காதலிக்கிறாள் என்பதற்காக, முகமூடிக் கும்பலைக் கூட்டிப்போய் இருட்டில் அடிக்கிறான் ஒரு அப்பன். அடிபட்டுச் செத்தது அவனுடைய மகள். இனவெறியை எதிர்த்து எழுதிய அந்தக் கதையை, இனவெறியைப் புகட்டுகிறது என்று வெர்தாம் காட்டினார். அதிலும் அமானுஷ்யம் கடுகளவும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் பதிப்பாளர்களே அமைத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை வந்தது. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நரமாமிசம் எதுவும் கூடாது. இதழின் பெயரில் ஹாரர், டெரர் என்ற சொற்கள் கூடாது. இதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நெறிமுறையில் இன்னொரு விதியும் இருந்தது: போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர்மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது. முதல் விதி பேயை வெளியேற்றியது. இரண்டாவது விதி, அதிகாரத்தில் இருக்கும் மனித வில்லனை வெளியேற்றியது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. கெய்ன்ஸ் தன் திகில் இதழ்களை நிறுத்திவிட்டார். பிரிட்டனிலும் 1955-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது.

1971-இல் நெறிமுறையைத் தளர்த்தியபோது இரண்டு வகையினரும் ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். உயர்ந்த இலக்கிய மரபில் கையாண்டால் காட்டேரியும் ஓநாய் மனிதனும் வரலாம். கடைசியில் தண்டனை கிடைப்பதாக இருந்தால் ஊழல் அதிகாரியும் வரலாம். ஜாம்பிக்கு, அதாவது நடமாடும் பிணத்துக்கு, மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வருடமே மார்வெல் 'டூம் ஆஃப் டிராகுலா'வைத் தொடங்கிவிட்டது.

பேயே இல்லாமல் திகில் காமிக்ஸ் எழுத முடியுமா? அது வெறும் குற்றக் கதையாகிவிடாதா?

முடியும். குற்றக் கதையில் 'யார் செய்தது, எப்படிப் பிடிபடுவான்' என்பது முக்கியம். திகில் கதையில் 'இவனோடு ஒரே அறையில் இருக்கிறேனே' என்பது முக்கியம்.

பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் வரைந்து 1955-இல் 'இம்பாக்ட்' முதல் இதழில் வந்த 'மாஸ்டர் ரேஸ்' எட்டே பக்கம். ஒருவன் நியூயார்க் பாதாள ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். கருப்பு உடை போட்ட இன்னொருவர் ஏறுகிறார். பார்த்ததும் இவனுக்கு வியர்க்கிறது. நாஜி முகாம் நினைவுகள் வருகின்றன. இவன் முகாமில் தப்பிப் பிழைத்தவன், வந்தவர் கொடுமைக்காரர் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். உண்மை தலைகீழ்: உட்கார்ந்திருப்பவன்தான் பெல்சன் முகாமின் தளபதி. ஓடுகிறான், தண்டவாளத்தில் விழுகிறான், ரயில் வருகிறது. கிரிக்ஸ்டீனுக்குக் கொடுத்தது ஆறு பக்கம்தான். கேட்டு வாங்கி எட்டாக்கினார். கட்டங்களை மெலிதாகச் சீவி, ரயில் ஜன்னல் முகங்களை அடுத்தடுத்துத் திரும்ப வரைந்து, ஒரு விநாடியை இழுத்து நீட்டியிருக்கிறார். எந்தப் பிணமும் எழுந்து வராத இந்தக் கதைதான் இ.சி. வெளியிட்டவற்றிலேயே என்னை அதிகம் உலுக்கியது.

நீண்ட கதை வேண்டுமென்றால் நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்', 1994 முதல் 2001 வரை வந்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் நகரில் வேலை செய்யும் மூளை அறுவை மருத்துவர் டென்மா, மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் யோஹான் வளர்ந்து கொலைகாரன் ஆகிறான். அவனுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. பேசுவான், அவ்வளவுதான். பேசியே எதிரில் இருப்பவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய் விடுவான். உரசாவா அவனுக்கு மிக அமைதியான, அழகான முகத்தைக் கொடுத்திருக்கிறார்.

சரி, எது அதிகம் பயமுறுத்தும்?

படிக்கும் நேரத்தில் அமானுஷ்யம்; படித்து முடித்தபின் மனிதன். இது என் அனுபவம்.

காமிக்ஸில் இசை கிடையாது. திடீர்ச் சத்தம் கிடையாது. வாசகர் எவ்வளவு வேகத்தில் படிப்பார் என்பதும் ஓவியர் கையில் இல்லை. அவரிடம் இருக்கும் பெரிய ஆயுதம் பக்கம் புரட்டுவது. ஜப்பானிய ஓவியர் ஜுன்ஜி இட்டோ இதில் மன்னர். சின்னச் சின்னக் கட்டங்களில் ஒருவர் கதவை நோக்கி நடப்பார். பக்கத்தைப் புரட்டினால் முழுப் பக்கத்துக்கு அந்த உருவம். ஒவ்வொரு கோடும் தெளிவாக இருக்கும், எதையும் நிழலில் மறைக்க மாட்டார். சினிமாவில் அரக்கனை முழுசாகக் காட்டினால் பயம் போய்விடும் என்பார்கள். வரைந்த படத்தில் அப்படியில்லை. கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மனித வில்லனுக்கு இந்த வசதி கிடையாது, அவனைப் பக்கம் புரட்டிக் காட்டினால் ஒரு மனிதன்தான் நிற்பான். அதனால் அவனை எழுதுவது கடினம். அவன் பேச்சும், அவன் செய்யாமல் விடுவதும் கதையைத் தூக்க வேண்டும்.

எதற்காகச் செய்கிறது என்றே தெரியாத வில்லன் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அமானுஷ்யத்துக்குத்தான் அது பொருந்தும். இட்டோவின் 'உசுமாகி' 1998-இல் தொடங்கியது. குரோசு என்ற ஊரைச் சுருள் வடிவம் பிடித்துக்கொள்கிறது. முதலில் ஷுயிச்சி என்ற பையனின் அப்பா சுருள்களைச் சேகரிக்கிறார், அப்புறம் ஒவ்வொருவராக. அந்தச் சுருளுக்குக் கோபம், ஆசை, பழிவாங்கும் எண்ணம் எதுவும் இல்லை. கெஞ்சவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது.

மனிதனை இப்படி எழுதினால் அது எழுத்தாளரின் சோம்பேறித்தனமாகவே எனக்குப் படுகிறது. "அவன் பைத்தியம், அதனால் கொன்றான்" என்று முடிக்கும் கதைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மனநோய் உள்ளவர்களுக்கு அவை செய்யும் அநியாயம் ஒருபுறம். கதையாகவும் அவை நிற்பதில்லை.

இரண்டு வகை வில்லனும் ஒரே கதையில் வந்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடாதா?

விழுங்கும் ஆபத்து உண்டு. பேய் ஆட்டுவித்தது என்று சொல்லிவிட்டால் மனிதன் கைகழுவித் தப்பிவிடுவான். அதைத் தாண்டிய இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜோ ஹில் எழுதி காப்ரியேல் ரோட்ரிகஸ் வரைந்த 'லாக் அண்ட் கீ' (2008–2013). சாம் லெஸ்ஸர் என்ற இளைஞன் ரெண்டல் லாக்கைச் சுட்டுக் கொல்கிறான். குடும்பம் கீஹவுஸ் என்ற பழைய வீட்டுக்குக் குடிபெயர்கிறது. அந்த வீட்டுக் கிணற்றறையில் அடைபட்டிருக்கும் டாட்ஜ் என்ற தீய சக்திதான் தொலைவிலிருந்தே சாமைத் தூண்டியது. இதோடு நின்றிருந்தால் சாதாரணக் கதை. ஆனால் சாம் வீட்டில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தவன் என்பதை ஹில் காட்டுகிறார். அதைவிட முக்கியமாக, ரெண்டலின் மூத்த மகன் டைலர் ஒருநாள் அப்பா மேலிருந்த எரிச்சலில், உன் அப்பா அம்மாவைக் கொல்வதாக இருந்தால் என் அப்பாவையும் சேர்த்துக் கொன்றுவிடு என்று சாமிடம் சும்மா சொல்லியிருக்கிறான். பிசாசின் சூழ்ச்சி, அடிபட்ட பையனின் வெறி, வாய்தவறி வந்த ஒரு வார்த்தை மூன்றும் ஒரே குண்டில் சேர்கின்றன. பிறகு டாட்ஜ் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் டைலரின் குற்றவுணர்ச்சியை யாராலும் எடுக்க முடியவில்லை. டாட்ஜ் இந்த உலகத்துக்குள் வந்ததுகூட, ஒரு தலைமுறைக்கு முன் சில பள்ளிப் பிள்ளைகள் திறக்கக்கூடாத கதவைத் திறந்ததால்தான்.

இரண்டாவது, ஹிதோஷி இவாகியின் 'பாராசைட்', 1980-களின் இறுதியில் தொடங்கிய மாங்கா. வேற்று உயிர்கள் மனிதத் தலைக்குள் புகுந்து, மனித உருவத்திலேயே மனிதர்களைத் தின்கின்றன. ஷினிச்சி என்ற மாணவனுக்கு மட்டும் அது வலது கையோடு நின்றுவிடுகிறது. கதை வளர வளர இவாகி இரண்டு மனிதர்களை உள்ளே கொண்டுவருகிறார். ஒருவர், அந்த உயிர்களுக்குத் தலைமை தாங்கும் மேயர் ஹிரோகாவா. போலீஸ் சுட்டபின்தான் அவர் முழுக்க மனிதர் என்று தெரிகிறது. மற்றவன் உராகாமி, தொடர் கொலைகாரன். ஒட்டுண்ணி எது, மனிதன் எது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் திறமை அவனுக்கு இருப்பதால் போலீஸே அவனைப் பயன்படுத்துகிறது. பெரிய போர்களெல்லாம் முடிந்தபின், கதையின் கடைசி மிரட்டல் இந்த உராகாமியிடமிருந்து வருகிறது. மாடியில் ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, நான்தானே உண்மையான மனிதன் என்று ஷினிச்சியிடம் கேட்கிறான். தின்பதற்காகக் கொல்லும் உயிர்களை ஆயிரம் பக்கத்துக்கு மேல் பார்த்து வந்த வாசகர், பிடித்திருப்பதற்காகக் கொல்பவன் முன்னால் நிற்கிறார். இந்த ஒப்பீட்டை ஒரு சாதாரண கொலைகாரன் கதையால் செய்திருக்கவே முடியாது.

ஜாம்பி கதைகளில் வில்லன் யார்?

'தி வாக்கிங் டெட்' (2003–2019, 193 இதழ்கள்) படித்தவர்களுக்குப் பதில் தெரியும். ஜாம்பிகள் அங்கே மழை வெயில் மாதிரி. இருக்கும், கவனமாக இருக்க வேண்டும். வில்லன்கள் கவர்னர், நீகன் போன்ற மனிதர்கள். 100-வது இதழில் நீகன் வந்த பிறகு ஜாம்பியைப் பார்த்தால் ஆறுதலாகக்கூட இருக்கிறது. ஆனால் இதே அமைப்பைப் பல தொடர்கள் நகலெடுத்துவிட்டன. 'நிஜ அரக்கன் மனிதன்தான்' என்று ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொன்னால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

வாழ்ந்த மனிதரைக் கதையில் வில்லனாக்குவது சரியா?

ஆலன் மூர் எழுதி எடி கேம்பெல் வரைந்த 'ஃப்ரம் ஹெல்', லண்டனில் பெண்களைக் கொன்ற, யாரென்றே தெரியாத ஜாக் தி ரிப்பரின் கொலைகளைப் பற்றியது. அதில் கொலைகாரர், விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவரான சர் வில்லியம் கல். கல் நிஜ மனிதர். 1887-இலேயே பக்கவாதம் வந்தவர். கொலைகள் நடந்தது 1888-இல். அவர்தான் செய்தார் என்ற கருத்தை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. மூரும் இதைத் தீர்ப்பாக வைக்கவில்லை. எது ஆதாரம், எது கற்பனை என்று பின்னிணைப்பில் நீளமாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மை இருப்பதால் எனக்கு உறுத்தவில்லை. ஆனாலும் கொலையுண்ட பெண்களும் நிஜமாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்குப் பெயரும் வாழ்க்கையும் பசியும் கொடுத்து வரைந்திருப்பதைத்தான் இந்தப் புத்தகத்தின் பெரிய தகுதியாக நினைக்கிறேன்.

தமிழில் இந்த மாதிரிக் கதைகள் கிடைக்கின்றனவா?

கொஞ்சம். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ், இத்தாலிய டைலன் டாக் கதைகள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. டிசியானோ ஸ்க்ளாவி 1986-இல் உருவாக்கிய டைலன், லண்டனில் பேய் பிசாசு வழக்குகளை மட்டும் எடுக்கும் துப்பறிவாளர். அந்தத் தொடரில் ரசிகர்கள் கொண்டாடும் 81-வது இதழ் 'ஜானி ஃப்ரீக்'. அதில் அரக்கர் பெற்றோர்தான்: ஒரு மகனைப் பிழைக்க வைக்க இன்னொரு மகனின் உடலிலிருந்து உறுப்புகளை எடுக்கிறார்கள். மாதாமாதம் காட்டேரிகளைத் துரத்தும் நாயகனுக்கு அந்த வழக்கில் துரத்த எதுவும் இல்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர் எதிலிருந்து தொடங்கலாம்? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இ.சி. கதைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பக்கம்தான். ஒரே உட்காரலில் நாலைந்து படித்தால் மேலே சொன்ன அமைப்பு தானாகப் பிடிபடும். அப்புறம் 'பாராசைட்', அதன் பிறகு 'லாக் அண்ட் கீ'. 'ஃப்ரம் ஹெல்' கடைசியில். அதன் பத்தாவது அத்தியாயம் ஒரே ஒரு கொலையை அத்தியாயம் முழுக்கக் காட்டுகிறது, மனம் சரியில்லாத நாளில் எடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில், நான் இங்கே சொன்ன எதையும் பதினாறு வயதுக்குக் கீழே கொடுக்க மாட்டேன். பேயைவிட மனித வில்லன் வரும் பக்கங்களுக்குத்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது. பேய்ப் படத்தைப் பார்த்தால் பிள்ளை விளக்கைப் போடச் சொல்லும். 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' படித்தால், அந்தக் கிழவருக்கு ஏன் யாருமே உதவிக்கு வரவில்லை என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.